குதிரைக்கு அழுத புத்தாண்டு

ஒரு குதிரையின் சாவுச் செய்தியைக் கொண்டு ஒரு மனிதரை நான் அழித்தேன். தெரியாமல் அல்ல, வேண்டுமென்றே செய்தேன். செய்யும்போது மகிழ்ந்தேன்!

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. மன்னிக்க நீங்கள் யார்? கேட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

அப்போது நான் பெரகலைச் சந்திக்குக் கீழே, ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். புதிய துரை வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'வா', 'போ' தவிர அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேச்சைத் தொழிலாளருக்கும் தொழிலாளர் பேச்சை அவருக்கும் மாற்றிச் சொல்வது என் வேலை. அந்த வேலையில் எனக்கு எத்தனை கர்வம் இருந்தது தெரியுமா!

ஆங்கில வருஷப் பிறப்பன்று தோட்டமே தப்படித்துக்கொண்டு பங்களாவுக்குப் போகும். துரைக்கு மாலை, எலுமிச்சம்பழம், ஒரு சீப்பு வாழைப்பழம். துரை விறாந்தையில் நின்று கம்பெனியின் வருஷச் செய்திகளைச் சொல்வார். லண்டனில் தேயிலை என்ன விலைக்குப் போயிற்று, எந்தச் சின்னத் துரைக்குக் கல்யாணம், யாருக்குப் பதவி உயர்வு... எல்லாம் முடிந்ததும் வாழ்த்து. பிறகு ஆளுக்கொரு பிடி இனிப்பு.

முதல் மாலையைப் போடும் உரிமை பெரிய கங்காணி முத்துக்கருப்பனுக்கு. முந்தைய துரை கொடுத்த கறுப்புக் கோட்டை அந்த ஒரு நாளைக்கென்றே அவர் பெட்டியிலிருந்து எடுப்பார்.

அவரை நான் வெறுத்தேன். இன்றும் வெறுக்கிறேன். ஏன் என்று கேட்கிறீர்களா?

என் தங்கை வள்ளியம்மை அவருடைய ஆட்களில் ஒருத்தி. பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பதற்காக மலையில் கொழுந்து எடுத்தவள். பிறகு அங்கேயே வாழ்க்கைப்பட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலேயே தங்கிவிட்டாள். அந்த ஐப்பசி மழையில், காய்ச்சலோடு காலைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் வரிசைக்கு, வந்து நின்றவளைப் பார்த்து முத்துக்கருப்பன் சொன்னார்: "மழைன்னா ஒங்களுக்கெல்லாம் காச்ச வந்துருமே... ஏறு மலைக்கு!"

ஏறினாள். மறுநாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் இறந்துபோனாள்.

அதே வாரம் துரையின் குதிரையும் செத்தது. பெட்டைக் குதிரை. பங்களாத் தோட்டத்தில் ரோஜாச் செடிகளுக்கு நடுவே அதைப் புதைத்து, மேலே கல் நட்டார்கள். என் தங்கையை ஓடைக் கரையில் புதைத்தோம். கல் ஏது!

வருஷப் பிறப்பு வந்தது. துரை செய்திகளைச் சொல்லிக்கொண்டே வந்தார், நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். திடீரென அவர் குரல் கம்மியது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். இந்த வருஷம் நம்மை விட்டுப் போன ஒருத்தியை நினைக்க வேண்டும் என்றார். தோட்டத்துக்கு விசுவாசமாக உழைத்தாள். மழையிலும் மலையேற மறுத்ததில்லை. நல்ல வைத்தியம் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை...

குதிரைக்கு! லயங்களிலிருந்து எத்தனை பேரை அந்த வருஷம் மண்ணில் போட்டிருந்தோம். குதிரைக்கு அழுதார்!

வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் தமிழில் சொன்னேன். குதிரையின் பெயர் வந்த இடத்தில் மட்டும் 'வள்ளியம்மை' என்றேன்.

கூட்டம் அப்படியே நின்றது. ஒரு துரை, நம்மில் ஒருத்தியின் பெயரைச் சொல்லித் தொப்பியைக் கழற்றுவதா! பின்வரிசையில் ஒரு பெண் "ஐயோ, என்னப் பெத்த தாயி!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். மற்றவர்கள் ஒப்பாரியை எடுத்தார்கள். தப்புக்காரர்கள் வாழ்த்து அடியை விட்டுச் சாவு அடிக்கு மாறினார்கள். புத்தாண்டுக் காலையில், மாலையும் பழமும் கையிலிருக்க, தோட்டமே அழுதது. துரையின் கண்களும் நிறைந்தன. தம் குதிரைமேல் இவர்களுக்கு இத்தனை அன்பா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? நிறுத்தவில்லை...

துரை ஒரு வார்த்தையும் பேசாதபோது, அவர் சொன்னதாக நான் உரக்கச் சொன்னேன்: "இந்தச் சாவுக்குப் பெரிய கங்காணிதான் பொறுப்பு என்கிறார் துரை. இனித் தம் முகத்தில் அவர் விழிக்க வேண்டாமாம்."

முத்துக்கருப்பன் துரையைப் பார்த்தார். துரையோ கண்ணீரோடு தலையசைத்துக்கொண்டிருந்தார், அழுகிற கூட்டத்துக்கு நன்றியாக. அந்தத் தலையசைப்பு போதாதா? கங்காணி கோட்டைக் கழற்றினார், மடித்தார், படியில் வைத்தார். இது எதற்கு என்று துரை கேட்டார். குதிரையின் சமாதிக்குப் போர்த்தத் தருகிறார் என்றேன். துரை நெகிழ்ந்துபோய்ச் சமையற்காரனைக் கூப்பிட்டு, அதை அங்கே கொண்டுபோய்ப் போர்த்தச் சொன்னார். தம் கோட்டு குதிரைக் குழிமேல் விழுவதை அந்த மனிதர் நின்று பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். அந்த நிமிஷத்தின் இனிப்பை மறைக்க மாட்டேன்!

மறுநாள் அவர் மனைவியோடு தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். ஒருவரும் வழியனுப்பவில்லை. போகிற வழியில் எந்த வாசலிலும் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை என்றார்கள். வயதாகிவிட்டது, ஊருக்குப் போய்விட்டார் என்று துரையிடம் சொன்னேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, தங்கைக்காகப் பழி வாங்கினான் என்று என் பக்கம் சாய்கிறீர்களா? சாயாதீர்கள். மீதியையும் கேளுங்கள்.

வள்ளியம்மை எழுந்திருக்க முடியாமல் கிடந்த அன்று, ஆபீஸ் வாசலுக்கு ஓடி வந்தவர் இதே முத்துக்கருப்பன்தான். மழையில் நனைந்து, மூச்சு வாங்க நின்றார்.

"கிளாக்கரய்யா, புள்ளைக்கு நெனவு தப்புதுங்க. பதுள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். தொரகிட்ட மாட்டுவண்டி கேளுங்க. நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்... ஒங்க தங்கச்சின்னு சொல்லுங்க, குடுப்பாரு."

உள்ளே போனேன். ஒரு கூலிப் பெண்ணுக்குக் காய்ச்சல், வண்டி வேண்டும் என்றேன். குதிரை வைத்தியரை அழைத்துவர வண்டி பண்டாரவளை ஸ்டேஷனுக்குப் புறப்படுகிறது, முடியாது என்றார் துரை. தங்கை என்று நான் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? வேலைக்குச் சேரும்போது, பதுளையில் கடை வைத்திருக்கும் குடும்பம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். லயத்துப் பிள்ளை என்று தெரிந்தால் அந்த நாற்காலி எனக்கு இருக்குமா?

வெளியே வந்து, வண்டி இல்லை என்றேன்.

"தங்கச்சின்னு சொன்னீங்களா?" என்று கேட்டார். ஆபீசில் வேலை இருக்கிறது என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு மழையில் இறங்கி ஓடினார்.

கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அவளைப் பதுளைக்குச் சுமந்தார்கள். முன்கம்பு அவர் தோளில். மறுநாள் காலை, பாதி வழியில் உயிர் போயிற்று. அந்த நேரம் நான் ஆபீசில் உட்கார்ந்து, குதிரை வைத்தியருக்கு அறை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன்.

அவளை மலையேற்றியதற்காக அவரை இன்றும் வெறுக்கிறேன். அது பொய்யல்ல. ஆனால் அவரை நான் விரட்டியது அதற்காக அல்ல... நான் வாய் திறக்கவில்லை என்று அந்தத் தோட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.