விரல் ரேகையில் படிப்பு இல்லை என்றவர்

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது குமரன் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார். காபி குடிச்சிட்டு உக்காந்தவங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றார். குமரன், பேராசிரியர் வேதவல்லியின் தம்பி. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிறார். நான் மரக்காணம் போய் இறங்கியபோது பேருந்து நிலையத்துக்கு எதிரே பேனர் கட்டி முடித்திருந்தார்கள். இறந்து அரை நாள் ஆகவில்லை. "மாணவச் செல்வங்களின் மூளைத்திறன் அறிந்த மனவியல் மேதைக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று அவர் படத்தின் கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே ஒரு தனியார் பள்ளியின் பெயர், தாளாளரின் கைகூப்பிய படம், அட்மிஷன் நடைபெறுகிறது என்ற அறிவிப்பு, போன் நம்பர்.

அழுகை வரவேண்டிய நேரத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவரோடு பழகியவர்கள், அவரிடம் படித்தவர்கள், அந்தப் பேனரைக் கடந்து போய் மாலை போட்டவர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நடந்தது என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியாது.

புதுச்சேரியில் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். நான் புள்ளியியல், அவர் உளவியல். உளவியல் வரலாறு என்ற தாளை எடுக்க ஆளில்லாமல் அவர் தலையில் கட்டினார்கள். பிறகு அவர் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருமுறை அந்த வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மண்டை ஓட்டின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்து, இவன் திருடன், இவள் புத்திசாலி என்று சொன்ன கதையை நடத்திக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஒருவன் பக்கத்திலிருந்தவன் தலையைத் தடவிக் காட்ட, வகுப்பே சிரித்தது. வேதவல்லி சிரிக்கவில்லை. "அப்போ பல பேருக்கு அதுதான் சயின்ஸ். நீங்க அங்க பொறந்திருந்தா நீங்களும் உங்க புள்ளை தலையைக் கொண்டுபோய்க் காட்டியிருப்பீங்க" என்றார்.

பிறகு புத்திக்கூர்மைச் சோதனைகளுக்கு வந்தார். பாரிஸ் நகரத்தில் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவத்தான் அந்தச் சோதனை தொடங்கியது. கடல் தாண்டிப் போனதும் பிறவியிலேயே மட்டமானவர்கள் யார் என்று தரம் பிரிக்க அதையே பிடித்துக்கொண்டார்கள் என்றார். அன்று அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் மறக்கவில்லை. "உதவி தேவைப்படுற புள்ளையைத் தேடப் பண்ணின கருவியை, உதவாத புள்ளையைத் தேடுற கருவியா மாத்திட்டாங்க."

ஓய்வு பெற்றபின் அவர் மரக்காணத்துக்கே திரும்பினார். குமரனின் உப்பளத்தில் வேலை செய்கிற சாந்தி ஒருநாள் அவரிடம் வந்தார். சாந்தியின் மகள் ரேவதி பேனர் வைத்த அந்தத் தனியார் பள்ளியில் பத்தாவது முடித்திருந்தாள். கணக்கில் நல்ல மதிப்பெண். பதினோராம் வகுப்பில் கணக்குப் பிரிவு கேட்டவளைத் தொழிற்பிரிவில் போட்டுவிட்டார்கள். காரணம், ஏதோ ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து பிள்ளைகளின் பத்து விரல்களையும் மெஷினில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இவளுக்குத் தர்க்க அறிவு குறைவு என்று அது சொல்லிவிட்டதாம்.

கோடை விடுமுறையில் ரேவதியும் அம்மாவோடு உப்பு வாரப் போயிருந்தாள். உப்பில் விரல் தேய்ந்து ரேகை மங்கியிருந்தது. சாந்தி கேட்டாராம்: "ரேஷன் கடை மிஷின்லயே எங்க கை விழ மாட்டேங்குதும்மா. அப்ப எங்களுக்கெல்லாம் மூளையே இல்லையா?"

இதை என்னிடம் சொல்லும்போது வேதவல்லியின் உதடு கோணிக்கொண்டது. அழுகிய பண்டத்தை முகர்ந்தவர் முகம் போல இருந்தது. நான் உற்சாகமாகிவிட்டேன். ரேகை சரியாகப் பதியவில்லை, அதனால் முடிவு தப்பு என்று வாதாடலாம், ஜெயித்துவிடலாம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரேகை தெளிவா விழுந்திருந்தா ஒத்துக்குவீங்களா அமீது சார்? இந்தப் பொண்ணு தப்பிச்சிக்கும். கை தேயாத பொண்ணுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?"

அந்த வாதத்தை அதோடு விட்டேன்.

பெற்றோர் கூட்டத்துக்குச் சாந்தியோடு அவரும் போனார். நானும் கூடப் போனேன். கோட்டு போட்ட ஓர் இளைஞர் மேடையில் நின்று, தாயின் கருவில் ரேகையும் மூளையும் ஒன்றாகத்தான் வளர்கின்றன, ஆகவே ரேகை மூளையின் வரைபடம் என்று படம் காட்டிக்கொண்டிருந்தார். வேதவல்லி கை உயர்த்தி எழுந்தார். ரேகைக்கும் கணக்குக்கும் உள்ள தொடர்பை யார், எந்தப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள் என்று மட்டும் கேட்டார். வெளிநாடுகளில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்றார் இளைஞர். "வெளிநாட்டுல மண்டையைத் தடவியும்தான் பாத்தாங்க தம்பி. இப்ப நீங்க விரலுக்கு வந்திருக்கீங்க" என்றார் வேதவல்லி.

உடனே தாளாளர் மைக்கை வாங்கினார். இவ்வளவு பெரிய மனவியல் மேதை நம் பள்ளிக்கு வந்து ஆலோசனை வழங்கியது நமக்குப் பெருமை என்று சொல்லிக் கைதட்டச் சொன்னார். கூட்டம் தட்டியது. அவர் கை உயர்த்தி எழுந்தபோதே போட்டோ எடுத்திருந்தார்கள். பேனரில் இருப்பது அந்தப் படம்தான். உயர்த்திய கையை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே வந்தபோது மீனவக் குப்பத்திலிருந்து வந்திருந்த ஒரு தகப்பன் அவரை மறித்தார். "நீங்க படிச்சி ஒக்காந்துட்டீங்க. எங்க புள்ளைங்களுக்கு ஒரு வழி காட்டுறாங்கன்னா அதையும் கெடுக்கணுமா?" அந்த மனிதர் போனபின் வேதவல்லி என்னிடம் சொன்னார். "அவர் பயத்துல கேக்குறாரு. அவர் மேல கோவம் வரல. அந்தப் பயத்தை விக்கிறான் பாருங்க, அவனைப் பாத்தாத்தான் வாந்தி வருது."

மறுநாள் சாந்தியையும் ரேவதியையும் அழைத்துக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியை மதிப்பெண்ணைப் பார்த்தார், கணக்குப் பிரிவில் சேர்த்துக்கொண்டார். ரேவதி இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அடக்கத்தன்று அம்மாவும் மகளும் சமையல்கட்டில் வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். ரேவதியைச் சேர்த்த அன்று, இந்த ஒரு நல்ல செய்திக்காக வேதவல்லியைப் பாராட்டப் போனபோது எனக்குத் திட்டுதான் விழுந்தது. ஒரு பெண்ணை வெளியே எடுத்துவிட்டோம், மற்ற பிள்ளைகள் உள்ளேதானே இருக்கிறார்கள் என்றார். உண்மைதான். அந்தப் பள்ளியில் விரல் மெஷின் இன்னும் வந்து போகிறது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

கடைசியாகப் பார்த்தபோது, இத்தனை வருஷம் இதையெல்லாம் பார்த்தும் பழகவில்லையா என்று கேட்டேன். "பழகியிருந்தா நானும் அந்த மேடையில நாற்காலி போட்டு ஒக்காந்திருப்பேன் சார்" என்றார்.

போன வாரம் எங்கள் கல்லூரியில் ஒரு கூட்டம். மாணவர் வீடியோவில் பேசும் முகத்தைப் பார்த்தே அவர் எந்த வேலைக்கு ஏற்றவர் என்று சொல்லும் செயலி ஒன்றை வாங்கப் போகிறார்களாம். புள்ளியியல் துறை சார்பில் நான் பரிந்துரைத்து இரண்டு வரி எழுத வேண்டும் என்றார்கள். வாயெல்லாம் கசந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வேதவல்லியின் புத்தகங்களைக் குமரன் எனக்குத் தருவதாகச் சொன்னார். ரேவதிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தக் கசப்பைத்தான். அது ஆறாமல் இருக்க வேண்டும்.