பலகை பிடிக்கிறவள் சொன்னால்தான்

புனே பக்கம் தளேகாவில் ஒரு ஷெட்டில் வேலை செய்கிறேன். வெளிநாட்டுக்குப் போகும் இயந்திரங்களுக்கு அங்கே மரப்பெட்டி செய்கிறார்கள். என் வேலை பலகை பிடிப்பது. காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கிற நெயில் கன்னை வைத்திருப்பவர் எதிரே நிற்பார். பலகை நகராமல் நான் இரண்டு கையாலும் அழுத்திக்கொள்வேன். சொல்லிக்கொள்ளும்படியான வேலை இல்லை. ஆனால் கன்னுக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது பிடிக்கிறவளின் விரல்தான்.

சேர்ந்த அன்று என்னை ஒரு பெண்ணோடு சேர்த்து விட்டார்கள். புனேயிலேயே, போபோடியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், என்னைவிடச் சின்னவள். அவள் தமிழில் நடுநடுவே ஹிந்தி வரும். எனக்கு எந்த மொழியிலும் சட்டென்று பேச்சு வராது. பத்தாவதோடு படிப்பு நின்றது. பக்கத்து ஊரான தேஹு ரோட்டில் இத்தனை வருடம் குடியிருந்தும், ஷேர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, தாண்டிப் போய் இறங்கி நடந்து வருகிறவள் நான்.

அவள் காலையில் கன்னைத் தயார் செய்வதைப் பார்ப்பதற்காகவே நான் ஒரு லோக்கல் ரயில் முன்னதாகப் போவேன். கம்ப்ரசர் தொட்டியின் அடித் திருகைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிப்பாள். ஹோஸ் மாட்டுகிற துவாரத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவாள். பிறகு கன்னின் மூக்கை ஒரு கட்டையில் அழுத்தி விடுவாள். அது உள்ளே போய்த் தானாக வெளியே வர வேண்டும். மூக்கு மரத்தில் அழுந்தினால்தான் ஆணி பாயும். வெறும் காற்றில் பாயாது. கைகால் தப்புவதற்காகவே வைத்த ஏற்பாடு அது. கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை விசையில் படாமல் வைத்து, கன்னை யார் பக்கமும் திருப்பாமல் ஹோஸை மாட்டுவாள். காற்றைக் குறைவாக வைத்து, வேண்டாத கட்டையில் ஓர் ஆணி அடிப்பாள். தலை நீட்டிக்கொண்டிருந்தால் ரெகுலேட்டரைக் கொஞ்சம் திருகி மறுபடி ஒன்று அடிப்பாள். தலை மரத்தோடு சமமாக உட்கார்ந்ததும் கன்னைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். குழம்பில் உப்புப் பார்க்கிற முகம் அப்போது அவளுக்கு.

முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“அக்கா, கைய வச்சுப் பாத்துட்டு ‘மார்’னு சொல்லணும். அடின்னு அர்த்தம். அப்பதான் அடிப்பேன். நீங்க சொல்லலன்னா நான் நின்னுட்டேதான் இருப்பேன்.”

கையை வைத்தேன், சொன்னேன். கம்ப்ரசர் சத்தத்தில் என் குரல் எனக்கே எட்டவில்லை. அவள் கன்னைப் பலகையிலிருந்து விலக்கிப் பிடித்து நின்றாள்.

“சொல்லிட்டேம்மா.”

“கேக்கல. கேக்கலன்னா சொல்லலதான்.”

எதிர் மேசையில் ஆணி அடிக்கிறவர் ஷெட்டிலேயே வேகமானவர். அவர் ஹிந்தியில் கத்தினார்: “என்ன, பொண்ணு பாக்க வந்திருக்கியா? சம்மதம் கேட்டுட்டு நிக்கிற!”

“ஆமா பையா. உன்ன மாதிரி கேக்காம தாலி கட்ட மாட்டேன்,” என்றாள். பையா என்றால் அண்ணன்.

சூப்பர்வைசருக்குப் பொறுமை இல்லை. அந்த மேசையில் பெட்டி மளமளவென்று எழும்பும். எங்கள் மேசையில் மெதுவாக. “இந்த பாபிக்கு வாயே இல்ல. வேற ஆள் தரேன்,” என்றார். அங்கே எல்லாருக்கும் நான் பாபி, அதாவது அண்ணி.

“கை அவங்களோடது, சார். அவசரப்பட்டா எனக்கு ஒண்ணும் ஆகாது, அவங்களுக்குத்தான் ஆகும்,” என்றாள் அவள். நாள் போகப் போக அந்த ஒரு சொல் எனக்கு வந்துவிட்டது, அவளுக்குக் கேட்கும் அளவுக்கு.

பிறகொரு நாள் பெரிய பெட்டி ஒன்று அவசரமாகப் போக வேண்டியிருந்தது. வாசலில் லாரி நின்றது. எதிர் மேசையில் பலகை பிடிக்கிறவர் வராததால் சூப்பர்வைசர் என்னை அங்கே அனுப்பினார்.

போய்க் கையை வைத்த பிறகுதான் கவனித்தேன். அவருடைய கன்னின் மூக்கைப் பின்னால் இழுத்துக் கட்டுக்கம்பியால் கட்டியிருந்தது. அப்படிக் கட்டிவிட்டால் மரத்தில் அழுத்தத் தேவையில்லை. விசையைத் தொட்டால் போதும், எங்கே காட்டுகிறோமோ அங்கே ஆணி பாயும். வேகத்துக்காகச் செய்திருந்தார். நான் கையைச் சரியாக வைப்பதற்குள் முதல் ஆணி பெருவிரலுக்குப் பக்கத்தில் இறங்கியது. அவள் மேசையில் நான் பேசாமல் இருந்தால் வேலை நிற்கும். இங்கே பேசாமல் இருந்தால் அடுத்த ஆணி வரும்.

இரண்டு கையையும் எடுத்துவிட்டேன்.

“பிடிங்க பாபி, லாரி நிக்குது!”

“தார் கோலோ,” என்றேன். கம்பியை அவிழுங்கள் என்று.

“க்யா?” என்று காதைக் காட்டினார். மறுபடி சொன்னேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, தானே முழங்காலால் பலகைக்கு முட்டுக்கொடுக்கப் பார்த்தார். வாசலிலிருந்து சூப்பர்வைசர் என்னைப் பார்த்துக் கையை வீசிக்கொண்டிருந்தார். இந்த வேலை போனால் இன்னோர் இடத்தில் போய் வாய்திறந்து வேலை கேட்க என்னால் ஆகாது. பலகையைப் பிடித்தால் விரல் மிஞ்சுமா என்று தெரியாது.

அப்போது கம்ப்ரசர் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவள் சுவிட்சின் மேல் கை வைத்து நின்றிருந்தாள்.

மூன்றாம் முறையும் அதே குரலில்தான் சொன்னேன். “தார் கோலோ. நஹீ தோ மை நஹீ பகடூங்கி.” அவிழ்க்காவிட்டால் பிடிக்க மாட்டேன் என்றது லாரி டிரைவர் வரைக்கும் கேட்டது.

சூப்பர்வைசர் வந்து கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அவிழ்த்துத் தொலை,” என்றார் ஆணி அடிக்கிறவரிடம். அவர் இடுக்கியை எடுத்ததும் அவள் அங்கிருந்தே சொன்னாள்: “லைன்ல காத்து இருக்கும் பையா, முதல்ல ஹோஸக் கழட்டு.”

அவிழ்த்தும் மூக்கு வெளியே வரவில்லை. மரத்தூள் அடைத்து ஸ்பிரிங் சிக்கியிருந்தது. துடைத்து, எண்ணெய் விட்டு, அது தானாக வந்து போகும்வரை லாரி நின்றது. அதன்பின் ஒவ்வோர் ஆணிக்கும் அவர் என் முகத்தைப் பார்த்தார். முதலில் கோபமாக, பெட்டி முடியும்போது சாதாரணமாக.

சாயங்காலம் ஸ்டேஷனில் அவளிடம் கேட்டேன்: “நீயே அவர ரெண்டு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா?”

“நான் கத்தினா அது என் ஜகடாவா, என் சண்டையா ஆயிடும்க்கா. உங்களுக்குப் பேச வருது. சத்தம்தான் ஜாஸ்தியா இருந்துச்சு.”

அதற்குமேல் அவள் அதைப் பேசவில்லை, அன்றும் பிறகும். பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து எனக்கும் கொடுத்தாள். ஒரு சுவிட்சை அணைத்துவிட்டு ஒதுங்கி நிற்க எப்படித் தோன்றியது அவளுக்கு என்று நான் இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன். நானாக இருந்தால் ஒன்று பேசாமல் இருந்திருப்பேன், இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் கேட்டார்: “பாபி, எந்த டேபிள்?” அந்த ஷெட்டில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கையை நீட்டி அவள் மேசையைக் காட்டியிருக்கலாம். வாயால் சொன்னேன்.