மேற்கோள் பெட்டிக்குள் ஒன்றும் இல்லை

போன வாரம் ஒரு காலையில், நான் முன்பு வேலை பார்த்த ராஜபாளையம் மில் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அண்ணாச்சி தவறிவிட்ட செய்தி வந்தது. அதற்குப் பதில் போடப் போன ஒருவர், கைதவறி மேலே இருந்த ஒரு பிறந்தநாள் படத்தை இழுத்துவிட்டார் போலிருக்கிறது. கேக் வெட்டுகிற குழந்தைக்கு அடியில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று இருந்தது. குழந்தையின் தாத்தா பழக்கதோஷத்தில் 'நன்றி' என்று போட்டிருந்தார்.

எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. இந்த வயதில் எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. சிலது வருவதே இல்லை. இட்லியைச் சாப்பிட்டு முடித்தேன். சட்னியில் உப்பு குறைவு என்பதைக்கூடக் கவனித்தேன். துக்க வீட்டுக்குப் போகச் சட்டையைத் தேய்த்தபோது இஸ்திரிப் பெட்டியிலிருந்து சூடேறிய தூசி வாடை வந்தது. பிரவுசிங் சென்டர் வாடை அது.

அந்தக் காலத்து கம்ப்யூட்டர் திரை ஒவ்வொன்றும் ஒரு சின்ன அடுப்பு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் ஆறு அடுப்புகளை வரிசையாக வைத்து, ஜன்னலைச் சாத்தி, ஏசி என்று எழுதிப் போட்டிருந்தார்கள். மில் ஆபீஸ் முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பிடிப்பதற்கு முன்னால் நான் தினமும் அங்கேதான் இருப்பேன். ஒரு தமிழ் இணைய மன்றத்தில் நான் மட்டுறுத்துநர், அதாவது மாடரேட்டர். சம்பளம் கிடையாது. நான் வகித்த பதவிகளில் இன்றுவரை அதுதான் உயர்ந்தது.

மன்றம் என்றால் இப்போது விளக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் ஒரு தலைப்பைத் திறப்பார்; அதற்குத் திரி என்று பெயர். குவைத்திலிருந்தும் கூமாப்பட்டியிலிருந்தும் அதன் கீழே ஆட்கள் எழுதிக்கொண்டே போவார்கள். யாருக்குப் பதில் சொல்கிறோம் என்பதைக் காட்ட அவர் எழுதியதை மேற்கோள் பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டியின் தலையில் சதுர அடைப்புக்குள் ஆங்கிலத்தில் 'கோட்' (quote), முடிவில் ஒரு சாய்கோட்டோடு இன்னொரு 'கோட்', அதற்குப் பிறகு நம் சங்கதி. குவைத்துக்காரர் ஒருவர் மூன்று பக்கக் கட்டுரையை முழுசாக மேற்கோள் போட்டு, அடியில் 'சரி' என்று எழுதுவார். இவருக்காகவே 'மேற்கோள் போடுவது எப்படி?' என்று ஒரு விளக்கத் திரி தொடங்கினேன். அவர் அதையும் முழுசாக மேற்கோள் போட்டு 'சரி' என்றார்.

இதில் எனக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. நம் பாஷையில் அடுத்தவர் பேச்சை ஆரம்பிக்க அடையாளமே வேண்டாம். நம் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் 'என்று' போட்டால் தீர்ந்தது. அதனால் நம் ஆட்கள் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, தங்கள் பேச்சுக்கும் அப்பால், கட்டக்கடைசியில் கொண்டுபோய்ப் பெட்டியைச் சாத்துவார்கள். விளைவு, இவர் சொன்னதும் அவர் சொன்னதாகவே பெட்டிக்குள் போய்விடும். யாரும் இந்தச் சித்தாந்தத்தை மேற்கோள் காட்டவில்லை.

அண்ணாச்சி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று எங்கள் மில் கேட்டில் செக்யூரிட்டி ஆபீசராக இருந்தார். மன்றத்தில் அவர் பெயர் எல்லைச்சாமி. நாய் வளர்ப்புத் திரியில்தான் எழுதுவார். அதே திரியில் ஊர்க்குருவி என்ற பெயரில் எழுதியவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர். எனக்கு இருவரையும் தெரியும். இருவரும் என்னைத்தான் மேற்கோள் போடுவார்கள், ஒருவரை ஒருவர் போட்டதே இல்லை. என் எழுத்தின் தரம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஒருநாள் அண்ணாச்சி பிரவுசிங் சென்டரில் என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார்.

"தம்பி, அந்த ஊர்க்குருவி குட்டிக்குப் பேதி போகுதுன்னு எழுதிருக்கானாமே. நீங்க அத ஒருக்கா மேற்கோள் போடுங்க. நான் உங்களுக்குப் பதில் சொல்லுத மாதிரி மருந்து எழுதிருதேன்."

"நேரா அவருக்கே எழுதலாமே, அண்ணாச்சி."

"அவன் என் கூடப்பொறந்த தம்பி. பேச்சுவார்த்தை கிடையாது. அவன் எழுதுறது எனக்குத் தெரியாது, நான் எழுதுறது அவனுக்குத் தெரியாது. அப்பிடி ஒரு பட்டன் இருக்குல்லா."

இருந்தது. 'புறக்கணி' என்ற அந்தப் பொத்தானின் பயனையும் நான்தான் விளக்கத் திரியில் எழுதியிருந்தேன்.

காரணம் அவர்கள் அம்மாவின் சாவு. அண்ணாச்சி அப்போது வடக்கே எல்லையில். தந்தி கிடைத்ததும் ஊர் டெலிபோன் பூத்துக்குப் பேசித் தகவல் சொன்னார். அது நாலு வாய் மாறி, வர முடியாது என்று தம்பியிடம் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியோடு திரும்பிவிட்டார். 'பெத்தவளுக்கே வராத ஆளு' என்று தம்பி என்னிடம் ஒருமுறை சொன்னார். அந்தப் பேச்சு வேண்டாம் என்பதுபோல டைப்ரைட்டருக்கு உறை போட்டார்.

அதை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் சொல்லி விட்டது வேற."

"நான் போய்ச் சொல்லிருதேன், அண்ணாச்சி. தெனமும் அந்த ஊருக்குத்தான போறேன்."

"வேண்டாம். வாயில போயித்தான் கெட்டுச்சு. நான் எழுதுதேன். எழுத்து மாறாம அப்பிடியே மேற்கோள் போட்டு விடுங்க."

ஒற்றை விரலால் எழுதினார். நான் பார்க்கக் கூடாது என்பதுபோல முழங்கையை வைத்துக்கொண்டார். ஆனாலும் வாய் விட்டுச் சொல்லிக்கொண்டேதான் தட்டினார். என்னுடைய ஏதோ ஒரு நாய்க்குறிப்பை மேற்கோள் போட்டு, அதற்குப் பதில் மாதிரி அது ஏறியது. நான் மேற்கோள் பொத்தானை அழுத்தி, 'ஊர்க்குருவி கவனத்துக்கு' என்று சேர்த்து அனுப்பினேன். அனுப்பிய கையோடு கரண்டு போனது. ஆறு அடுப்பும் அணைந்தன.

மறுநாள் பதில் வந்திருந்தது. அண்ணாச்சி என் தோளுக்கு மேலே குனிந்து படித்தார். தம்பி இரண்டே வரி எழுதியிருந்தார்: 'பார்த்தேன். ஒண்ணும் இல்லையே.'

"ஒண்ணும் இல்லைன்னுட்டான் பாத்தேளா," என்றார் அண்ணாச்சி. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "சின்னதுலயே அப்பிடித்தான். மனசுல எதையும் வச்சுக்கிட மாட்டான்."

நான் திரையைப் பார்த்தேன். முந்தின நாள் நான் போட்ட மேற்கோளில் 'எல்லைச்சாமி எழுதியது' என்று தலைப்பு இருந்தது. பெட்டி காலி. அவர் என் குறிப்புக்குக் கீழே எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கட்டக்கடைசியில் பெட்டியைச் சாத்தியிருக்கிறார். அவர் பேச்சு என் பேச்சோடு பெட்டிக்குள் போய்விட்டது. அதை நான் மேற்கோள் போட்டதும் பெட்டிக்குள் பெட்டி ஆனது; அப்படி வந்தால் உள்ளே இருப்பதை அந்த மென்பொருள் உதறிவிடும். தம்பி காலிப் பெட்டியைத்தான் ஒன்றும் இல்லை என்றிருக்கிறார்.

அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணாச்சி படியிறங்கிவிட்டார். ஜன்னலைத் திறந்து பார்த்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். கையில் நாய்க்குட்டிக்கு மருந்துப் பொட்டலம். அன்றிலிருந்து வாராவாரம் போனார். தம்பி மன்னித்துவிட்டதாக அண்ணன் நினைத்தார். அண்ணனே இறங்கி வந்துவிட்டதாகத் தம்பி நினைத்தார். நன்றாக இருந்தார்கள். நான் எதையும் திருத்தப் போகவில்லை.

துக்க வீட்டில் தம்பி என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"முன்ன ஒரு மேற்கோள் போட்டிருந்தீய. உள்ள ஒண்ணும் இல்ல. அவரே வீட்டுக்கு வந்துட்டாரு, பொறவு எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன். என்ன எழுதிருந்தாரு?"

"வாரேன்னுதான் சொன்னாராம். அம்மாவ ஒரு நாள் வைக்கச் சொன்னாராம்."

உள்ளே யாரோ புதிதாக வந்து, அழுகை ஒருமுறை உயர்ந்து அடங்கியது.

"சொன்னாரா, சொன்னாராமா?"

காட்டத்தான் வேண்டும். அண்ணாச்சியின் பதிவு பெட்டி மாறிப் போனாலும் அவருடைய எழுத்தாக அந்தத் திரியில்தானே கிடந்தது. போனை எடுத்து, விரலுக்கு மறக்காத அந்த மன்றத்தின் முகவரியை அடித்தேன். அந்த முகவரியில் இப்போது யாரோ பிளாஸ்டிக் நாற்காலி விற்கிறார்கள்.

அவர் போனை என் கையிலிருந்து வாங்கினார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், கடைசி நாற்காலி வரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.