டைனமோ இருந்த வரைக்கும்

அப்பாவின் அம்பாசிடர் காலையில் தானாகக் கிளம்பியதாக எனக்கு நினைவே இல்லை. சங்கராபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்குத் தள்ளுவண்டி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

பேட்டரியை ஏற்றும் பழைய டைனமோவில், எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் கரண்ட் வரும். அப்பாவோ கரியாலூர் அருவிக்கு ஆட்களை ஏற்றிப் போய், பனிமூட்டத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து மலை இறங்குகிறவர். வீடு வந்து சேர்வதற்குள் பேட்டரி செத்துவிடும்.

காலையில் வண்டி முனகும் சத்தம் கேட்டதும் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, எதிர்வீட்டுச் சித்தப்பா, தலையில் துண்டோடு வருவார். பொதுக் கிணற்றில் யார் எப்போது மோட்டார் போடுவது என்ற தகராறில் அவருக்கும் அப்பாவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனாலும் வருவார். டிக்கியில் கை வைத்துத் தள்ளுவார். இறக்கத்தில் வேகம் பிடித்ததும், கிளட்ச்சிலிருந்து காலை எடுக்கச் சொல்லி, “வுடு” என்பார். எஞ்சின் உறுமும், அப்பா திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். இரண்டு வருடமாக அவர்களுக்குள் இருந்த பேச்சு அந்த ஒரு சொல்தான்.

உறுமுவதற்கு முந்தைய அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே நான் புத்தகப் பையோடு முன்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். சத்தமே இல்லாமல் கார் மிதக்கும். வாசல் கோலங்களும் கோழிகளும் பின்னால் வழுக்கிப் போகும். மேற்கே நீலமாக மலை மட்டும் அப்படியே நிற்கும். நான் அசையவே இல்லை, ஊர்தான் என்னை விட்டுவிட்டு எங்கோ போகிறது என்று தோன்றும்.

பள்ளியில் கேலி தாங்காமல் நான்தான் அப்பாவை நச்சரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் எலக்ட்ரீஷியன் வந்தார். போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டரை மாட்டினார். இனி வண்டி நின்றபடி ஓடினாலும் பேட்டரி ஏறும் என்றார்.

மறுநாள் ஒரே திருகலில் வண்டி கிளம்பியது. நான் கைதட்டினேன். துண்டோடு வாசலுக்கு வந்த சித்தப்பா சத்தத்தைக் கேட்டு நின்றார், உள்ளே போய்விட்டார். நாலைந்து நாளில் வாசலுக்கு வருவதையும் விட்டுவிட்டார்.

“வண்டி நல்லானதுலருந்து ஒங்கப்பாவுக்கு சோறே எறங்கல” என்றாள் அம்மா. எனக்கு, வயிறு சரியில்லை போல என்று பட்டது.

ஒரு நாள் காலை அப்பா சீட்டில் உட்கார்ந்து ஹாரனை மட்டும் அடித்தார். சித்தப்பா எட்டிப் பார்த்தார். அப்பா ரோட்டைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வதுபோல், பேட்டரி இறங்கிவிட்டது என்றார். இறங்கிய பேட்டரியின் ஹாரன் தெருவையே எழுப்பியிருந்தது. சித்தப்பா வந்து டிக்கியில் கை வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “சாவி ஒன் ஜோபிலயே கீதேப்பா” என்று உரக்கச் சொன்னேன்.

அப்பா கியரைப் போட்டுக் கிளட்ச்சை மிதித்தார். பின்னால் சித்தப்பா அசையவில்லை. பிறகு கார் மெல்ல நகர்ந்தது. வழக்கமான இடத்தைத் தாண்டியும் சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தார். கோலங்கள் போயின, கோழிகள் போயின, தெரு முடியப்போனது. அவ்வளவு தூரம் நாங்கள் சத்தமில்லாமல் மிதந்ததே இல்லை.

மூச்சிரைக்க அவர் சொன்னார்: “வுடுண்ணா.”

அப்பா காலை எடுத்தார். கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. சித்தப்பா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

எனக்கு ஒரே ஏமாற்றம். கிளட்ச்சை விட்டால் மட்டும் வண்டி கிளம்பாது, சாவியும் போடவேண்டும் என்பதுகூட இவ்வளவு பெரிய இரண்டு பேருக்குத் தெரியவில்லையே என்று, அன்று வகுப்பு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.