சாகாத புழுக்கள்

எங்கள் ஆய்வகத்துக்குப் புழுக்கள் டீ ஃபிளாஸ்கில்தான் வரும். யானைக்கால் புழுவை மனித உடம்புக்கு வெளியே வளர்ப்பது லேசான காரியமில்லை. அதனால் மருந்தாகுமா என்று பார்க்கும் புதுச் சேர்மங்களை முதலில் அதன் பங்காளியான மாட்டுப் புழுவின் மேல் சோதிப்போம். காலையில் இறைச்சிக்கூடத்தில் மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்து, வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டு, எங்கள் தீவுத் தலைநகரின் அபர்டீன் பஜார் வழியாக டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவேன். பக்கத்து சீட்டில் ஒருவர் டீ இருக்கிறதா என்று கேட்டதும் உண்டு.

அம்மாவுக்கு இடது காலில் யானைக்கால். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு ரப்பர் வெட்ட வந்த குடும்பம் எங்களுடையது. அங்கே இந்த நோயைப் பரப்பும் கொசு பகலிலேயே கடிக்கும். அரசாங்க மாத்திரை இரத்தத்தில் திரியும் குஞ்சுகளைக் கொல்லும், தாய்ப்புழு தப்பித்துவிடும். அதைக் கொல்ல மருந்து வந்தாலும் அம்மாவின் கால் இனி வற்றாது. அவளிடமே சொல்லிவிட்டேன். ஏழைகளின் நோய் என்பதால் பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த ஆத்திரத்தில்தான் நான் வேலையே பார்த்தேன்.

ஒருநாள் புதிதாகச் செய்த சேர்மத்தில் பன்னிரண்டு புழுவும் அசையாமல் கிடந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. மதியம் கரண்ட் போய், புழுத் தட்டுகளை வைக்கும் சூட்டுப்பெட்டி ஆறிக் கிடந்தது. மருந்தே போடாத தட்டிலும் புழுக்கள் மந்தமாகத்தான் நெளிந்தன. மருந்துத் தட்டை வெந்நீரின் மேல் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒன்று வாலைச் சுருட்டியது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாமே நெளிய ஆரம்பித்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆய்வகத் தலைவரான சார் வந்து தட்டைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்கு மெயின்லேண்ட்லேர்ந்து நம்ம ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குற கமிட்டி வருது. முதல்ல பார்த்தப்ப அசையலதானே? செத்ததுன்னு போடுங்க."

"நெளியுதே சார்."

"அடுத்த மாசம் உங்க கான்ட்ராக்ட் முடியுது. ஞாபகம் இருக்குல்ல? உங்க அம்மாவுக்கே இந்த வியாதி. மருந்து வரக் கூடாதுன்னு நினைக்கிறீங்களா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்வதையாவது பொறுத்திருப்பேன். அம்மாவை இழுத்ததுதான் பொறுக்கவில்லை.

"வரணும் சார். அதனாலதான் எழுத மாட்டேன்."

'பன்னிரண்டும் உயிருடன்' என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

சேதியைச் சொன்னபோது அம்மா வீங்கிய காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீ செத்துச்சுன்னு எழுதியிருந்தா, அந்த மருந்த யாருக்குப் புள்ள குடுத்துப் பாத்திருப்பாங்க?"

"கச்சால்லதாம்மா."

"அப்ப நிமிந்து உக்காரு. எதுக்குத் தலையக் குனியிற?"