ஒன்று பி, இரண்டு டி

அக்கா இப்போது லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஆபீஸ்காரர்களோடு ஆங்கிலத்தில் மல்லுக்கு நிற்கும்போதெல்லாம், அவளுக்கு முதலில் பாடம் எடுத்தவளே நான்தான் என்று பீற்றிக்கொள்வேன். வீட்டில் ஒருவரும் மதிப்பதில்லை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

அரியலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அரசுப் பள்ளியில் தமிழிலேயே படித்த அக்காவுக்குப் பெரம்பலூரில் இன்ஜினீயரிங் இடம் கிடைத்திருந்தது. முதல் நாள் போனவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அழுதுகொண்டு வந்தாள். "சார் பேசுனதுல எம்பேரு மட்டுந்தாம்மா புரிஞ்சுது. என்னால முடியாது, நின்னுக்கிறேன்." அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு டெஸ்ட். மார்க்கைப் பார்த்து ஏ, பி, சி என்று வகுப்பு பிரிப்பார்களாம். கேட்டதும் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, களத்தில் குதித்துவிட்டார். பாடாலூரில் ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்ததால் காலேஜ் பையன்கள் பாதிப் பேர் அவருக்குப் பழக்கம். போன வருஷக் கேள்வித்தாளை விடைகளோடு வாங்கிக்கொண்டு வந்தார்.

"இதேதான் வருமாம். ஏ கிளாஸ்ல உக்காந்துட்டா அப்புறம் யாரும் அசைக்க முடியாது" என்றார்.

ஒரு மார்க் கேள்வி என்றால் எங்கள் பக்கம் யாரும் கேள்வியைப் படிப்பதில்லை, விடையைத்தான் படிப்போம். ஒன்று பி, இரண்டு டி, மூன்று ஏ என்று மொத்தம் நாற்பது. ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிக்கக் கேட்கும் வேலை எனக்கு. தப்பினால் மறுபடி முதலிலிருந்து. ஏழெட்டு வயது மூத்தவளை அதட்டுவதில் என்ன ஒரு சுகம்! நடுநடுவே அவள், "ஏன்டி இதுக்கு டி?" என்பாள். "குறுக்கே பேசாத, அடுத்தது சொல்லு" என்பேன். நான்கே நாளில் கடகடவென்று வந்துவிட்டது.

டெஸ்டில் மாமா சொன்னபடியே அதே கேள்வித்தாள். இரண்டு நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். அக்காவுக்கு சி.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா மூக்கைச் சிந்தினாள். எனக்கோ மானமே போய்விட்டது. "மறந்து தொலைச்சிட்டியா?" என்று பாய்ந்தேன். அவள் நிதானமாக ஒன்று பி, இரண்டு டி என்று ஆரம்பித்து நாற்பதையும் ஒரு தப்பில்லாமல் ஒப்பித்தாள்.

"அப்புறம் ஏன்க்கா எழுதல?"

"நெசமா தெரிஞ்சது ஒம்போதுதான். அதை எழுதிட்டு வந்துட்டேன். சி கிளாஸ்லதான்டி அடியிலேருந்து சொல்லித் தராங்களாம்."

சரியான மக்கு என்று முடிவு கட்டினேன். அக்கா ஃபெயில் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டும் வந்தேன்.

ஆனால் நின்றுகொள்கிறேன் என்ற பேச்சை அவள் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. சி வகுப்புக்குப் போய்விட்டு வந்த முதல் சாயங்காலம், பையைக்கூட இறக்கி வைக்காமல் அதே கேள்வித்தாளை என்னிடம் நீட்டினாள். "கேளுடி" என்றாள்.

"ஒண்ணு?"

"பி. ஏன் பி தெரியுமா?" என்று முகமெல்லாம் சிரிப்பாக விளக்க ஆரம்பித்தாள். அந்த ஒரு கேள்வியிலேயே அரை மணி நேரம் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது விடையும்தான் தெரியுமே, இந்தப் பைத்தியக்காரி இன்னும் எதைப் படிக்கிறாள் என்று.