மாமா பொருத்திய அடுப்பும் மாடியில் இருந்த கொடியும்

அளந்துவிட்டுப் பேசுகிறவர்கள் உண்டு, பேசிவிட்டு அளக்கிறவர்களும் உண்டு. என் மாமா பேசிக்கொண்டே அளப்பார். அதனால் அவர் பேச்சும் கொஞ்சம் தப்பும், அளவும் கொஞ்சம் தப்பும்.

சாந்தோமில் கடற்கரைக்கு இறங்கும் சந்தில், கீழ்வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். மேல்வீட்டில் வீட்டுக்காரம்மா. காலையில் அம்மா ஆப்பமும் இடியாப்பமும் விற்றுத்தான் எங்கள் குடும்பம் நடந்தது. பின்பக்கத்து விறகடுப்பிலிருந்து ஒரு தகரப் புகைக்குழாய் சுவரோடு ஏறி, மொட்டைமாடியில் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நாலடி தள்ளி வீட்டுக்காரம்மாவின் துணிக்கொடி. கணவர் இறந்தபின் அவர் வெள்ளைப் புடவை தவிர வேறு கட்டியதில்லை. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

மண் அடுப்பு விரிசல் விட்டதிலிருந்து கரும்புகையாக வந்தது. ஒருநாள் வீட்டுக்காரம்மா கரி படிந்த புடவையோடு இறங்கி வந்தார்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். சர்ச்சுல பூசை முடிஞ்சி வந்து நானே மாடில நின்னு பாப்பேன். அப்பவும் இப்டியே பொகைஞ்சா வேற வூடு பாத்துக்கம்மா.”

விறகடுப்பு வைக்க விடுகிற வீடு அந்தப் பக்கத்தில் வேறு கிடையாது. அம்மா தன் தம்பிக்கு, அதாவது மாமாவுக்கு, ஆள் அனுப்பினாள்.

மாமா படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். வந்ததும் வராததுமாகக் குழாய்க்குள் கையை விட்டு, வலை பின்னுகிற நூலால் உள்வாயை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

“இன்னாத்துக்குக்கா பயப்படுற? நான் கீறேன்ல?”

“அதுக்குத்தாண்டா பயப்படுறேன்.”

சனிக்கிழமை மத்தியானம் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் புது அடுப்பு வந்து இறங்கியது. பழைய ஆயில் டிரம்மை வெட்டிச் செய்தது. மூன்று கால், முன்னால் விறகு வாய், பின்னால் குடத்துக்கு இருப்பதுபோல ஒரு கழுத்து. அந்தக் கழுத்து குழாய்க்குள் நுழைந்தால் வேலை முடிந்தது. “அஞ்சே நிமிசம்” என்றார் மாமா.

அதற்குமுன் குழாயைச் சுத்தம் செய்யச் சொன்னாள் அம்மா. மாமா மாடியிலிருந்து மூங்கிலில் தேங்காய் நாரைக் கட்டி இடித்தார். ஒரு வாளி நிறையக் கரி கொட்டியது. பிறகு அடுப்பைத் தூக்கிப் பொருத்தினால், கழுத்து குழாய்க்குள் கடகடவென்று ஆடியது. சுற்றிலும் விரல் நுழைகிற இடைவெளி.

மாமா நூலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். அவர் கரியோடு சேர்த்தல்லவா அளந்திருந்தார்!

“கரிக்கு அளவெடுத்து சட்ட தெச்சிகினு வந்துக்கிறான் பாரு எந்தம்பி” என்றாள் அம்மா. சிரிக்கவில்லை.

மாமா பேசாமல் வேலை செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். காலி எண்ணெய் டின்னை வெட்டி, வளையமாகச் சுருட்டி, ஒரு முனையைக் குழாய்க்குள் செருகி, மறு முனையை அடுப்பின் கழுத்துமேல் போர்த்தித் தட்டித் தட்டி உட்கார வைத்தார். அம்மா களிமண்ணில் சாம்பல் கலந்து மாவுபோலப் பிசைந்து கொடுக்க, சந்தெல்லாம் பூசினார். மறுநாள் காலை வியாபாரம் இல்லை. மண் காயக் காத்திருந்தோம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து மாமா தீ மூட்டினார். புகை மேலே போகாமல் அப்படியே எங்கள் முகத்தில் திரும்பியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இருக்கா, கொழாய் சில்லுன்னு கீது. மொதல்ல அதுக்கு சூடு காட்டணும்.” மாமா ஒரு செய்தித்தாளைக் கொளுத்தி, கழுத்துக்கு நேராக உள்ளே நீட்டினார். நிமிர்ந்து எரிந்த தீ சட்டென்று படுத்தது. படுத்து, குழாய்க்குள் ஓடியது. ‘ஹோ’ என்று ஒரு சத்தம், தாகத்தில் யாரோ மூச்சுவிடாமல் குடிப்பதுபோல. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரும்புக்கு உயிர் வந்ததை நான் பார்த்துவிட்டேன்.

“பாப்பா, மேல ஓடு! பொகை எப்டி வருதுன்னு பாத்து சொல்லு!”

மாடியில் வீட்டுக்காரம்மா எனக்கு முன்னாலேயே நின்றிருந்தார். குழாய் ஒருதரம் கருப்பாக இருமியது. பிறகு சாம்பல் நிறம், பிறகு நூல்போல வெள்ளை, பிறகு ஒன்றுமே இல்லை. காற்று மட்டும் நெளிந்தது. அந்த நெளிவுக்குப் பின்னால் சர்ச் கோபுரமே ஆடுவதைப் பார்த்து வாய்பிளந்து நின்றேன். தன் புகையைத் தானே தின்கிற நெருப்பை மாமா செய்துவிட்டார்!

“பொகையே இல்ல மாமா!” என்று கத்தினேன்.

“போதும், ஊரக் கூட்டாத.” என் தலையில் வைத்த வீட்டுக்காரம்மாவின் கையில், கட்டைவிரலுக்குத் துணி சுற்றியிருந்தது.

“என்னாச்சு ஆன்ட்டி?”

“நேத்து சுத்தியல் பட்டுடுச்சி.”

“நீங்களும் அடுப்பு செஞ்சீங்களா?”

அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கொடி பழைய இடத்தில் இல்லை. மாடியின் அந்தக் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இரண்டு புது ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்தது. அதில் வெள்ளைப் புடவைகள் காய்ந்தே போயிருந்தன.

நான் கீழே ஓடி எல்லாவற்றையும் சொன்னேன். இருமல், நூல், கோபுரம் ஆடியது, ஒன்று விடாமல். அம்மா கேட்டுக்கொண்டே அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரம்மா வாயால் ‘இருந்துக்க’ என்று ஒரு வார்த்தை வரட்டும் என்று சாயங்காலம் வரை சோற்றைத் தொடவில்லை. கொடியைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய அதிசயத்துக்கு நடுவில், ஒரு கயிறு இடம் மாறியதை யார் போய்ச் சொல்வார்கள்?